டிராம் சில்லறையும் கடவுளும்

பின்நவீனத்துவ நாவல் என்று முன்னுரையிலேயே அறிவித்துக்கொண்டு வரும் நாவலைப் படிக்கப் பின்நவீனத்துவக் கோட்பாடு பெரிதாகத் தேவைப்படாது. கோட்பாடு செய்ய வேண்டிய வேலையை ஆசிரியரே முடித்து வைத்திருப்பார். கதைசொல்லி நடுவில் புகுந்து இதெல்லாம் புனைவு என்பார், அத்தியாயங்களைக் கலைத்துப் போடுவார், பழைய காவியத்தைப் பகடி செய்வார். நமக்கு மிஞ்சுவது ஆமாம் போடுவதுதான். எம்.ஏ. தமிழ் வகுப்புக்குத் திறனாய்வுத் தாள் நடத்தியே ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கோட்பாடு உண்மையில் பல் பதித்து வேலை செய்ததை நான் பார்த்ததெல்லாம் சாதுவான கதைகளில். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன் என்று கைகட்டி நிற்குமே, அந்த மாதிரிக் கதைகளில்.

மூலவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ரோலான் பார்த் 1970இல் 'எஸ்/இஸட்' எழுதியபோது எடுத்துக்கொண்டது புரட்சிகரமான புதிய நாவல் எதையும் அல்ல. பால்சாக் 1830இல் எழுதிய 'சாராசின்' என்ற கதையை. பால்சாக் என்றால் யதார்த்தவாதத்தின் பெரிய தூண். அந்தக் கதையை 561 துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஐந்து வகைக் குறியீட்டு ஒழுங்குகள் எப்படிப் பின்னிக்கொண்டு ஓடுகின்றன என்று பார்த்தார் பார்த். தெரிதா பிளேட்டோவைப் படித்தார். ஃபூக்கோ 1966இல் வந்த தன் பெரிய புத்தகத்தைப் பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் வெலாஸ்கெஸின் ஒரு படத்தை வர்ணித்துத் தொடங்கினார். இந்த விவரங்களை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் கோட்பாடு என்பது புரியாத நாவல்களுக்கான கோனார் உரை என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

தமிழில் அப்படித்தான் நினைக்கவும் பட்டது. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வந்தது. படித்தவர்களைவிடத் திட்டியவர்கள் அதிகம் என்று எனக்குத் தோன்றும். தொண்ணூறுகளில் அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி, ரவிக்குமார் மூவரும் நடத்திய 'நிறப்பிரிகை'யும், நாகார்ஜுனன், பிரேம், ரமேஷ், எம்.டி. முத்துக்குமாரசாமி போன்றவர்களின் எழுத்துகளும் சிற்றிதழ் வட்டாரத்தைக் கலக்கின. கட்டுடைத்தல், பெருங்கதையாடல், பிரதி, மற்றமை என்று வார்த்தைகள் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டன. கூட்டங்களில் ஒருவர் 'நாவல்' என்றால் பக்கத்தில் இருப்பவர் 'பிரதி' என்று திருத்துவார். சண்டைக்கும் குறைச்சல் இல்லை. அந்தச் சண்டைகளில் யார் ஜெயித்தார்கள் என்பதில் எனக்கு அன்றும் அக்கறை இல்லை, இன்றும் இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பாதிப் பேர் பஸ் பிடித்து ஓடிவந்து மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதை வைத்து என்ன செய்வது என்பதுதான் என் பாடு.

செய்தது இது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை ஜெராக்ஸ் எடுத்து, கத்தரிக்கோலும் கோந்தும் கொடுத்து, வகுப்பையே நறுக்கச் சொன்னேன். பார்த் மாதிரி 561 துண்டு வேண்டாம், கை வந்த இடத்தில் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் சார்ட்டில் ஒட்டிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: இந்த வரி இல்லாவிட்டால் கதைக்கு என்ன நஷ்டம்?

1943இல் வெளியான கதை. பிராட்வே, எஸ்பிளனேடு சந்திப்பில் கந்தசாமிப் பிள்ளை நிற்கிறார். திருவல்லிக்கேணிக்கு டிராமில் போய் மிஞ்சும் சில்லறையில் வெற்றிலை வாங்குவதா, பஸ்ஸில் போய் அரைக் கப் காபி குடிப்பதா என்று கணக்குப் போடுகிறார். கணக்கு நீளமாகவே போகிறது. அவருக்கு ஊர்ப்பெயரும் தலைப்பெழுத்துகளும் சேர்ந்த முழு விலாசமான பெயர். 'சித்த வைத்திய தீபிகை' என்று பத்திரிகை வேறு நடத்துகிறார். இவ்வளவும் ஆன பிறகு ஒருவர் வந்து வழி கேட்கிறார். வந்தவர் கடவுள்.

முதல் வருஷம் எல்லாச் சார்ட்டிலும் ஒரே விடை. டிராம் கணக்குத் துண்டுக்குப் பக்கத்தில் 'நஷ்டம் இல்லை, வர்ணனை' என்று எழுதியிருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும் எழுந்தான்.

"ஐயா, இதை எடுத்துட்டா கடவுள் வர்றது பொய்யாத் தெரியுது."

"கணக்கு இருந்தா மட்டும் நிஜமாயிடுமா?"

"ஆகாது. ஆனா அந்தாள் காசு எண்ணுற ஆளு. அவரே கடவுளைப் பாத்துட்டுப் பெருசா அலட்டிக்கலைன்னா நமக்கென்னன்னு தோணுது."

அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பெயரைத்தான் சொன்னேன். 1968இல் பார்த் ஒரு சிறு கட்டுரையில் ஃப்ளோபேரின் கதை ஒன்றைப் பார்க்கிறார். வேலைக்காரப் பெண் ஒருத்தியின் வாழ்க்கைக் கதை அது. எஜமானி வீட்டுக் கூடத்தில் பழைய பியானோ, அதன் மேல் பெட்டிகளின் குவியல், அதற்கும் மேலே சுவரில் ஒரு பாரமானி. பியானோ வசதியைக் காட்டுகிறது, பெட்டிக் குவியல் குலைவைக் காட்டுகிறது, சரி. பாரமானி எதற்கு? கதையில் அதற்கு எந்த வேலையும் இல்லை. வேலை இல்லாமல் இருப்பதுதான் அதன் வேலை என்கிறார் பார்த். 'நான் நிஜம்' என்று சொல்லத்தான் அது அங்கே தொங்குகிறது. எதையும் குறிக்காத பொருள், யதார்த்தம் என்ற ஒன்றையே குறித்துவிடுகிறது. நான் வகுப்பில் இதற்குச் சாட்சிக் கையெழுத்து என்று பேர் வைத்திருந்தேன். பத்திரத்தில் சாட்சி போடுகிறவருக்கும் நிலத்துக்கும் சம்பந்தம் இருக்காது. ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் பத்திரம் பதிவாகாது.

புதுமைப்பித்தனின் குறும்பு, அந்தச் சாட்சியைக் கொண்டுபோய்க் கடவுளுக்குப் போடவைத்தது. டிராம் நிஜம், பிராட்வே நிஜம், ஹோட்டல் காபியில் கலந்த சிக்கரி நிஜம்; ஆகவே அந்தக் காபியைக் குடிக்கிறவரும் நிஜம். பத்திரிகைக்கு ஆயுள் சந்தா என்று பேச்சு வரும்போது யாருடைய ஆயுள் என்ற சந்தேகம் வருகிறதே, அந்த இடத்தில் இரண்டு உலகங்களும் ஒரே ரசீதுப் புத்தகத்துக்குள் வந்துவிடுகின்றன. பிரையன் மக்ஹேல் 1987இல் எழுதிய புத்தகத்தில், நவீனத்துவப் புனைவு 'எனக்கு எப்படித் தெரியும்' என்று கேட்கிறது, பின்நவீனத்துவப் புனைவு 'இது எந்த உலகம்' என்று கேட்கிறது என்ற பொருளில் ஒரு பிரிவினை செய்வார். அந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டு இந்தக் கதை பின்நவீனத்துவமா என்று கேட்டால் எனக்குச் சலிப்புத்தான் வரும். 1943இல் எழுதியவருக்கு அந்தப் பட்டம் எதற்கு? கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். கந்தசாமிப் பிள்ளை எந்த உலகத்தில் நிற்கிறார் என்று கேட்ட பிறகுதான், மற்ற யதார்த்தக் கதைகளில் நிற்கிறவர்களும் அதே மாதிரி டிராம் சில்லறையால் கட்டப்பட்ட சென்னையில், தஞ்சாவூரில், கோயம்புத்தூரில்தான் நிற்கிறார்கள் என்பது கண்ணில் படும். அங்கே கடவுள் வந்து காட்டிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சென்னையில் டிராம் 1953இலேயே நின்றுபோனது. என் மாணவர்களின் அப்பா அம்மாவில் பெரும்பாலோர்கூட அதைப் பார்த்திருக்க முடியாது. இருந்தும் சாட்சி செல்லுபடியாகிறது.

அடுத்த பாடம் தானாகவே 'ஜே.ஜே: சில குறிப்புக'ளுக்குப் போகும். சுந்தர ராமசாமியின் 1981 நாவல். ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளனின் மரணத்தை, ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள் என்று முடிச்சுப் போட்டுத் தொடங்குகிறது. காம்யு கார் விபத்தில் இறந்தது 1960 ஜனவரி 4, உலகறிந்த தேதி. அந்தத் தேதியின் தோளில் ஏறிக்கொண்டு ஒரு கற்பனை மனிதன் சாகிறான். செத்தவன் வாழ்ந்துதானே இருக்க வேண்டும்? நாவலின் முடிவில் அவனுடைய படைப்புகளின் பட்டியல் வேறு பின்னிணைப்பாக வருகிறது. இந்த நூல்கள் எந்த நூலகத்தில் கிடைக்கும் என்று என்னிடம் கேட்ட மாணவர்கள் உண்டு. நான் அவர்களைப் பார்த்துச் சிரித்ததில்லை. பட்டியல், தேதி, அடிக்குறிப்பு மூன்றையும் கண்டால் நம்பிவிடுவது என்று பள்ளிக்கூடத்திலிருந்து நாம்தானே பழக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தின் மேல்தான் அந்த நாவல் கட்டப்பட்டிருக்கிறது. அது நவீனத்துவ நாவலா, பின்நவீனத்துவ நாவலா என்று நடந்த விவாதங்களை எல்லாம் தாண்டி, வரலாற்றையும் வாழ்க்கை வரலாற்றையும் எந்தக் காகிதங்களை நம்பி ஏற்றுக்கொள்கிறோம் என்று அது கேட்காமல் கேட்கிறது. லிண்டா ஹட்சியன் 1988 புத்தகத்தில் வரலாற்றைப் பற்றிய இந்த வகைத் தன்னுணர்வுப் புனைவைப் பற்றி நிறையப் பேசுகிறார். சுந்தர ராமசாமி எழுதி ஏழு வருஷம் கழித்து வந்த புத்தகம் அது.

நேர் எதிர் உதாரணத்துக்கு சாரு நிவேதிதாவின் 'ஸீரோ டிகிரி' (1998). எண்கள் வந்தால் கூட்டுத்தொகை ஒன்பது ஆக வேண்டும், 'ஒரு', 'ஒன்று' போன்ற சொற்கள் வரக்கூடாது என்றெல்லாம் ஆசிரியர் தனக்குத்தானே விலங்கு மாட்டிக்கொண்டு எழுதியது. மாணவர்கள் சுறுசுறுப்பாகப் படித்தார்கள், கொஞ்சம் வெட்கப்பட்டும் படித்தார்கள். ஆனால் கோட்பாட்டை எடுத்து அதன்மேல் வைத்தால் நழுவி விழும். அதற்குள் ஒளித்து வைத்த நம்பிக்கை எதுவும் இல்லை, எல்லாம் வாசலிலேயே பரப்பிக் கிடக்கிறது. அதைப் படிக்கும் சந்தோஷம் வேறு வகை, மொழியின் குதியாட்டத்தோடு ஓடுகிற சந்தோஷம். அதற்குப் பார்த்தும் மற்றவர்களும் தேவையில்லை.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) இருக்கிறதே, அதில்தான் வகுப்பு எனக்கே புதிதாக ஒன்றைக் காட்டியது. தெலுங்கு தேசத்திலிருந்து, தங்கள் பெண் சென்னாதேவியை ஆசைப்பட்ட ராஜாவுக்குப் பயந்து ஒரு கூட்டம் தெற்கே ஓடிவருகிறது. வழியில் தெய்வத் துணையால் ஆறு கடக்கிற அதிசயம் எல்லாம் நடக்கிறது. கரிசல் மண்ணுக்கு வந்து, காட்டைக் கொளுத்தித் திருத்தி, ஊர் ஆக்குகிறார்கள். இந்தப் பழங்கதையைச் சொல்கிறவள் மங்கத்தாயாரு என்னும் தொண்டுக்கிழவி. நாவலின் நிகழ்காலத்தில் நகைக்காக ஒரு கர்ப்பிணியைக் கொன்ற திருடன் பிடிபடுகிறான். தண்ணீருக்குள் அவள் அவன் கால் பெருவிரலைக் கடித்தபடியே செத்துப்போனதால் அவனால் ஓட முடியவில்லை. அவனுக்குக் கழுமரம்.

கிராமியம், மண் வாசனை, கதைசொல்லி மரபு என்று இதைப் பற்றிக் கேட்கிற கேள்விகளுக்கு எல்லாம் விடை கைடுகளில் இருக்கிறது. லியோதாரை நடத்திய அடுத்த வாரம் இதை எடுத்தேன். 1979இல் வந்த அவருடைய 'பின்நவீன நிலைமை' கனடாவின் கியூபெக் மாகாண அரசின் பல்கலைக்கழகக் குழு கேட்டு எழுதப்பட்ட அறிக்கை என்பதைச் சொன்னால் வகுப்பு கலகலக்கும். உலகத்தின் பெருங்கதையாடல்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று அறிவித்த நூல் ஒரு சர்க்கார் ஃபைலில் பிறந்ததா! சரி, இங்கே பெருங்கதையாடல் எது என்று கேட்டேன். வெள்ளைக்காரன் எழுதின வரலாறு, ராஜாக்கள் வரலாறு, அதற்கு எதிராகக் கிழவி சொல்கிற சிறுகதையாடல் என்று பதில்கள் வந்தன. பாடம் கேட்ட பிள்ளைகள் சொல்லும் பதில். மார்க் போடலாம்.

பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி கேட்டாள்: "அந்தக் காட்டுல முன்னாடி யாருமே இல்லியா, ஐயா?"

யாரும் உடனே பேசவில்லை. புத்தகத்தைப் புரட்டினார்கள். காடு இருக்கிறது, கள்ளி இருக்கிறது, ஜந்துக்கள் இருக்கின்றன. கொளுத்தும்போது எது எது வெந்தது என்பது கண்ணில் நிற்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. மனிதர்கள் எங்கே? அவள் ஊர் அந்தப் பக்கம்தான். அவளுடைய தாத்தா அங்கே ஆடு மேய்த்தவர் என்று பிறகு சொன்னாள். எட்வர்ட் சைத் 1993 புத்தகத்தில் ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கைப் படிக்கும்போது, அந்த நாகரிகமான பண்ணை வீட்டுக்குப் பணம் வருகிற அடிமைத் தோட்டத்தீவு நாவலில் எப்படிப் போகிறபோக்கில் சொல்லப்பட்டு மறைகிறது என்று பிடித்துக்கொள்வார். இவள் சைதைப் படித்தவள் இல்லை. ஆனால் கேள்வி அதே இடத்திலிருந்து வருகிறது.

அன்றைக்கு வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கி.ரா.வைக் குற்றம் சொல்வதா என்று ஒரு கட்சி. ஆசிரியரைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை, கதையைச் சொல்வது யார் என்று பாருங்கள் என்று இன்னொரு கட்சி. கிழவி சொல்கிறாள். பிழைக்க ஓடிவந்த கூட்டத்தின் வாயிலிருந்து வருகிற கதையில் வந்து இறங்கிய நிலம் காலியாகத்தான் இருக்கும். காலியாக இல்லை என்றால் ஓடிவந்தவர்கள் துரத்தினவர்களாகவும் ஆகிவிடுவார்கள். எந்தக் குடியேற்றக் கதையும் இந்தக் காலிமனை இல்லாமல் எழும்பாது என்று நான் நினைக்கிறேன். ஆறு கடக்கும் அதிசயத்தை யாரும் நம்பச் சொல்லவில்லை, கிழவியின் கதை என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறோம். அந்தச் சிரிப்பின் மறைவில், காடு காலியாக இருந்தது என்பதை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறோம். அதிசயம்தான் இங்கே சாட்சிக் கையெழுத்து. நம்ப முடியாததை வெளிப்படையாக வைத்து, நம்ப வேண்டியதை உள்ளே அனுப்பிவிடுகிறது. இதைக் கண்ட பிறகு அந்த நாவல் எனக்குக் குறையவில்லை, கூடியது. மங்கத்தாயாரு வெறும் பாசமான பாட்டியாக இல்லாமல், எதைச் சொல்ல வேண்டும் எதை விட வேண்டும் என்று தெரிந்த காரியக்காரியாகத் தெரிய ஆரம்பித்தாள்.

இந்த மாதிரி வாசிப்புகள் ஆய்வேடுகளில் ஏன் வருவதில்லை என்று கேட்பார்கள். புறத்தேர்வாளராக நிறையப் படித்தாயிற்று. 'பின்நவீனத்துவ நோக்கில்' என்று போட்டு ஓர் ஆசிரியர் பெயர். முதல் இயலில் பின்நவீனத்துவத்தின் தோற்றமும் வளர்ச்சியும். இரண்டாம் இயலிலிருந்து கூறுகள்: நேர்கோடற்ற கதை, பகடி, மையம் அழிதல், கலைத்துப் போடல். ஒவ்வொரு கூறுக்கும் நாவலிலிருந்து ஒரு பத்தி. எந்த நாவலை வைத்தாலும் அதே இயல்கள். நெறியாளர்களைச் சொல்லியும் பயனில்லை, அவர்களும் அதே அச்சில் வார்க்கப்பட்டுத்தான் வந்தார்கள். எனக்குள்ள ஆத்திரம் வேறு. இந்தக் கூறுகள் இருந்தால் நாவல் நல்லது என்று கடைசி இயல் தீர்ப்புச் சொல்லிவிடும். ஒரு கதை நன்றாக இருக்கிறதா என்று சொல்ல இந்தக் கோட்பாட்டுக்கு வழியே கிடையாது. மோசமான கதையையும் அது அதே அக்கறையோடு நறுக்கும். நல்லதா இல்லையா என்பதை ராத்திரி தூக்கம் கெட்டுப் படித்தவன்தான் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் இறந்துவிட்டார் என்பதும் அப்படித் துண்டாக எடுத்துக் கொண்டாடப்பட்ட ஒன்று. 1967இல் பார்த் எழுதிய சிறு கட்டுரை. நான் எப்படி வேண்டுமானாலும் படிப்பேன் என்பதற்கு லைசென்ஸாகத் தமிழில் அது ஓடியது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது வகுப்பில் நேரடியாகவே கேட்டார்கள்: "இப்பத்தான் எங்காளுங்க பேனா புடிச்சிருக்காங்க, அதுக்குள்ள ஆசிரியர் செத்தாச்சுன்னா எப்படி, ஐயா?" நியாயமான கேள்வி. பார்த் கொல்லப் பார்த்தது, கதைக்கு ஒரே பொருள் இருக்கிறது, அது ஆசிரியரின் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது என்று சாவி கேட்டு நிற்கிற விமர்சகனைத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்குப் பெரிதாக ஒட்டவில்லை. ஃபூக்கோ 1969இல் 'ஆசிரியர் என்றால் என்ன' என்று கேட்டது அதைவிட உதவியது: ஒரு பெயர் ஒரு நூலின் மேல் நின்று என்ன வேலை செய்கிறது, எந்தப் பெயருக்கு அந்த அதிகாரம் கிடைக்கிறது? உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தையும் 'கருக்கு'வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டும் தன்வரலாறு. முதலாவதைப் படிக்கும்போது இது இலக்கியமா என்று யாரும் கேட்பதில்லை, இது நடந்ததா என்றும் கேட்பதில்லை. இரண்டாவதைப் பற்றி இரண்டு கேள்வியும் வகுப்பிலேயே வந்தன. ஐயருக்குச் சாட்சி தேவைப்படவில்லை என்று ஒருவன் சொன்னான். பேச்சு மொழியில் எழுதியதுதான் பாமாவின் சாட்சி என்றாள் இன்னொருத்தி. அது சாட்சியா, சவாலா என்று மணி அடித்த பிறகும் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் வாய்மொழித் தேர்வுக்குக் கூப்பிட்டால் போவேன். பெயர் வேண்டாம், ஒரு பல்கலைக்கழகத்தில் கி.ரா. பற்றிய ஆய்வேடு வந்தது. வழக்கமான அச்சு, வழக்கமான இயல்கள். ஆய்வாளர் ஒரு பெண், கோவில்பட்டிப் பக்கம். கூறுகளை எல்லாம் ஒப்பித்து முடித்ததும் கேட்டேன்: "இந்த நாவல்ல நீங்க எதை நம்பலை?"

கொஞ்சம் யோசித்தார். "கால் விரலைக் கடிச்சது, ஐயா."

"ஏன்?"

"எங்க பாட்டி அதே கதையைச் சொல்லும். ஆனா வேற ஊரு, வேற குளம். செத்தது மாமியார்க்காரி. திருடன் தப்பிச்சுப் போயிடுவான்."

இதை ஏன் ஆய்வேட்டில் எழுதவில்லை என்றேன். மேற்கோள் காட்ட நூல் இல்லையே என்றார். நெறியாளர் குறுக்கே வந்து, அதெல்லாம் நாட்டார் வழக்காற்றியல் துறைக்கு உரியது, நம் தலைப்புக்குள் வராது என்றார். தலைப்பில் பின்நவீனத்துவம் என்று இருக்கிறதே என்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. பட்டம் வழங்கப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன். கூடவே, பாட்டி சொன்ன கதையை அவர் சொன்ன பேச்சு நடையிலேயே பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும், திருடன் ஏன் ஒரு கதையில் தப்பிக்கிறான், இன்னொன்றில் கழுவேறுகிறான் என்று நான்கு பக்கமாவது எழுத வேண்டும் என்றும் அறிக்கையில் சேர்த்தேன். நான்கு பக்கத்துக்குப் பதிலாகப் பதினோரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். ஆய்வேட்டிலேயே படிக்கும்படி இருந்தது அந்தப் பதினோரு பக்கம்தான்.